வாங்கக் கூடாதவை

பிறக்கும் முன் ஒன்றும் வாங்கக் கூடாது.
கியும்ரியில் இது சட்டமில்லை,
ஆனாலும் கடைக்காரி என் வயிற்றைப் பார்த்துவிட்டு
எத்தனை மாதம் என்கிறாள்.
எட்டு என்றதும்
என் கையிலிருந்த தொப்பியை வாங்கி
மறுபடி அடுக்கில் வைக்கிறாள்.
'பிறகு வா. தொப்பி எங்கே ஓடிவிடப் போகிறது.'

கண்ணேறுக்கு இந்த ஊரிலும் கண் கூர்மை.

ஆகவே எங்கள் வீட்டில்
தொட்டில் இல்லை, துணி இல்லை,
ஒரு கிலுகிலுப்பைகூட இல்லை.
இருப்பதை நகர்த்தலாம்.
அதற்கு யாரும் தடை சொன்னதாகத் தெரியவில்லை.

மிஹ்ரான் லிஃப்ட் பழுது பார்ப்பவன்.
தான் முடுக்காத திருகாணி எதையும் நம்பமாட்டான்.
வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல்,
துணி அலமாரியைச் சுவரோடு சேர்த்துப் பூட்டினான்.
பிறகு புத்தக அடுக்கை.
பிறகு, தேவையே இல்லாமல், குளிர்சாதனப் பெட்டியை.
கட்டிலுக்கு மேல் தொங்கிய கண்ணாடியை இறக்கி
என்னிடம் கேட்காமலே கதவுக்குப் பின்னால் சாய்த்தான்.

நிலம் குலுங்கிய அந்த டிசம்பரில்
அவன் தன் அம்மாவின் வயிற்றில் ஐந்து மாதம்.
அவள் அவசரக்காரி. பேச்சை மீறி
எல்லாம் பின்னி வைத்திருந்தாள்:
சட்டை, காலுறை, மஞ்சள் போர்வை.
எல்லாம் நான்கு மாடிக்கு அடியில் போயிற்று.
அவன் மட்டும் ஏப்ரலில்
ஒரு குறையும் இல்லாமல் வந்து பிறந்தான்,
இரவல் துணியில்.

'அப்படியானால் வாங்கலாம் என்றா அர்த்தம்,
வாங்கக் கூடாது என்றா?'
'இந்தத் திருகாணியைப் பிடி' என்றான்.

வீட்டுக்குச் சுவர் இருக்கிறது.
என்னை எதோடு சேர்த்து முடுக்குவது?

சிகரெட்டை ஆகஸ்டில் விட்டேன்.
பால்கனிக்குப் போனால் இரண்டு விரல்கள்
இன்னமும் தாமாக விரிகின்றன.
மோதிரம் ஏறவில்லை, சப்பாத்துக் கயிற்றில் கோத்துக்
கழுத்தில் போட்டிருக்கிறேன்.
கோபம் வந்தால் பத்துவரை எண்ணச் சொன்னார்கள்.
ஏழில் கத்திவிடுகிறேன்.
போன மாதம் நான்கு.

முடி வெட்டும் வேலை எனக்கு.
நேற்று ஒருவரின் பின்மண்டைக்குக் குனிந்தபோது
உள்ளிருந்து ஓர் உதை, நேரே அவர் காதோரம்.
அவர் திரும்பி, 'யார்?' என்றார்.
எனக்கும் அதுதான் கேள்வி.

ஞாயிறன்று கீழ் இழுப்பறையைக் காலி செய்தேன்.
மின்கட்டண ரசீதுகள். செத்துப்போன மூன்று கைபேசிகள்.
யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லாத ஒரு கழுத்துத்துணி.
அடியில், இரண்டு வருடத்துக்கு முந்தைய
மருத்துவமனைத் தாள்.
அப்போது இழுப்பறை காலி செய்கிற அளவுக்கு
நாள் கூடி வரவில்லை.
பிரிக்கவில்லை. எறியவும் மனம் வரவில்லை.
மேல் அடுக்கில், எங்கள் பாஸ்போர்ட்டுகளுக்கு நடுவே வைத்தேன்.
அதற்கும் இந்த வீட்டில் ஓர் இடம் வேண்டும்.

வினிகர் விட்டுத் துடைத்தேன்.
காலி இழுப்பறை யாரும் வாங்கியதல்ல.

மிஹ்ரானின் நகக்கண்ணில் ஒரு வாரமாகப்
பச்சைப் பெயிண்ட்.
மூன்றாம் மாடி அர்பினேயின் சாமான் அறையில்
யாருக்கோ நாற்காலி செய்கிறானாம்.
நாற்காலிக்கு எதற்கு இத்தனை கம்பிகள் என்று
நான் கேட்கவில்லை.
பார்க்காத வரைக்கும் அது நாற்காலிதான்.

நாத்தனார் ஷோகெர் போனில் கேட்டாள்,
'ஒன்றும் வாங்கிவிடவில்லையே?'
'இல்லை.'
'நல்லது' என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தி,
'என்ன நிறம் பிடிக்கும் உனக்கு?'

இரவு. வெளியே இருபது டிகிரிக்கும் கீழே.
வெப்பக்குழாய் இருமிக்கொண்டிருக்கிறது.
தூக்கம் வராமல் எழுந்துபோய்
இழுப்பறையை இழுத்தேன்.
கீச்சென்றது.
மிஹ்ரான் கண்ணைத் திறக்காமலே வந்து
தடங்களில் மெழுகுவர்த்தி தேய்த்துவிட்டுத்
திரும்பப் போய்ப் படுத்தான்.

திறக்கிறேன். சத்தமில்லை.
உள்ளே கையை நீட்டி வைத்துப் பார்க்கிறேன்:
முழங்கையிலிருந்து விரல்நுனி வரை,
அதற்கப்பாலும் ஒரு சாண் மிச்சம்.

முதல் சில வாரங்களுக்குப் போதும்.